தயாபரனுக்கு ஓர் எதிரி

துப்பறியும் நாவலில் முதன்மையான ஆள் துப்பறிபவர்தான் என்றொரு நம்பிக்கை நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவருகிறது. படித்தவர்கள் நம்புகிறார்கள், படிக்காதவர்கள் நம்புகிறார்கள், எழுதுகிறவர்களே நம்பிக்கொண்டு அவருடைய மழைக்கோட்டுக்கும் புகைக்குழாய்க்கும் பக்கம் பக்கமாகச் செலவழிக்கிறார்கள். அச்சு இயந்திரம் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து இதைவிடப் பெரிய பிழை நேர்ந்ததில்லை. துப்பறிபவர் கூலிக்கு வருகிறவர். இந்த வழக்கு முடிந்தால் அடுத்த வழக்குக்குப் போய்விடுவார். கொலைகாரன் கடைசி அத்தியாயம்வரை வேறு யாரோபோல நடித்துக்கொண்டிருப்பவன், அவன் பேச்சை நம்பமுடியாது. நாவல் முழுக்க ஓரிடத்தில் அசையாமல் கிடந்து, தன்னைச் சுற்றி இத்தனை பேரை ஓடவைத்து, ஒரு வார்த்தை குறைசொல்லாமல் கடைசிப் பக்கம்வரை பொறுத்திருக்கிற ஒரே ஆள் செத்துப்போனவர்தான். அவருக்கு ஏதேனும் மனக்குறை இருக்குமா என்று எந்த ஆசிரியரும் கேட்டதில்லை. தென்காசிக்குத் தெற்கே கடம்பநல்லூரில் வாடகைப் பாத்திரக்கடை நடத்திய கோமதிநாயகமும் கேட்கவில்லை.

அவர் கடை தெற்குத் தேர்த் தெருவில் வீட்டை ஒட்டியே இருந்தது. அண்டா, அடுக்கு, ஜமுக்காளம், பிளாஸ்டிக் நாற்காலி, மணவறைக்குச் சிவப்புத் துணி, துக்க வீட்டுக்குப் பந்தல் என்று, பிறந்த குழந்தைக்குப் பெயர் வைப்பது முதல் பெரியவர்களைக் கரையேற்றுவதுவரை கடம்பநல்லூருக்கு வேண்டிய எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைத்தன. கடைசியாக அவர் வாங்கிப் போட்டது, வெளிநாட்டுப் பிள்ளைகள் விமானம் பிடித்து வந்து சேரும்வரை பெற்றவர்களைக் கெடாமல் வைத்திருக்கும் கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டி. இப்படித் தொழில் செய்கிறவர் ஊரில் ஒருவரையும் பகைத்துக்கொள்ள முடியாது; எல்லா வீட்டிலும் எப்போதாவது யாராவது கல்யாணம் செய்துகொள்வார்கள், எல்லா வீட்டிலும் எப்போதாவது யாராவது சாவார்கள். யாருக்கும் வலிக்காமல் பேசுவது கோமதிநாயகத்துக்கு மூச்சுவிடுவதுபோலப் பழகிப்போயிருந்தது. அந்தப் பழக்கம்தான் அவர் நாவலைக் கெடுத்தது.

நாவலின் பெயர் ‘மரண மாளிகையின் மூன்றாவது ஜன்னல்’. நான்கு வருஷம் எழுதினார். கொடைக்கானலில் ஒரு மாளிகை; மாளிகையில் ஒரு தொழிலதிபர்; தொழிலதிபர் வெல்வெட் நைட் கவுன் அணிந்து, “யார் அங்கே?” என்று ஒரே ஒரு வசனம் பேசி, ஒன்பதாம் பக்கத்தில் விஷத்தால் சாகிறார்; சென்னையிலிருந்து துப்பறியும் நிபுணர் வந்து இறங்குகிறார். இதுவரை யாரும் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாளிகையில் இருந்த மற்றவர்களுக்குப் பெயர் வைக்கவேண்டி வந்தபோது கோமதிநாயகம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவரைப்போல யோசிக்கத் தொடங்கிவிட்டார். பத்திரிகையில் ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனால் அந்தச் சித்தப்பா சாகும்வரை வாசல்படி மிதிக்கமாட்டார். ஆகவே மைத்துனர் நெல்லையப்பன் ஓய்வுபெற்ற நீதிபதியாக மாளிகைக்கு வந்தார். நெல்லையப்பன் வந்தால் அவர் சம்பந்தி வராமல் எப்படி. சம்பந்தி வந்தால் மேலத்தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா. கைலாசநாதர் கோயில் ஹாலாஸ்ய பட்டரும், கொடைக்கானல் குளிரில் அவருக்கு என்ன வேலை என்ற விளக்கமே இல்லாமல், வந்து சேர்ந்தார். மாளிகை தாங்காது என்று தெரிந்தபோது கோமதிநாயகம் கூடுதலாக ஒரு மாடி கட்டினார். அத்தனை பேரும் சந்தேகத்துக்குரியவர்கள், அத்தனை பேரும் யோக்கியர்கள்.

இனி யாரைக் கொலைகாரனாக்குவது? யாரை ஆக்கினாலும் ஒரு குடும்பத்தின் காதுகுத்து, கல்யாணம், கருமாதி மூன்றும் கைவிட்டுப் போகும். எனவே கடைசிக்கு முந்தின பக்கத்தில் பம்பாயிலிருந்து ஒரு மர்ம மனிதன் ரயிலேறி வந்து, நான்தான் கொன்றேன் என்று தானாகவே சொல்லி, அடுத்த பக்கத்தில் கைதானான். மூன்றாவது ஜன்னல் மறந்தே போயிற்று.

தென்காசியில் சொந்தச் செலவில் அச்சடித்தார். எந்தக் கடையும் வாங்கி வைக்காததால், தை மாத முகூர்த்தங்களுக்குத் தன்னிடம் பாத்திரம் எடுத்த வீடுகளிடம் பேசி, தாம்பூலப் பையில் தேங்காயோடும் வெற்றிலை பாக்கோடும் ஒரு பிரதி வைக்க ஏற்பாடு செய்தார். தை முடிவதற்குள் கடம்பநல்லூரில் நாவல் இல்லாத வீடு இல்லை. எல்லோரும் தத்தம் பெயர் வரும் பக்கம்வரை தேடிப் பிடித்து வாசித்தார்கள். பெயர் வந்ததும் மனம் நிறைந்து மூடிவைத்தார்கள். இதைவிடப் பெரிய வெற்றியைக் கோமதிநாயகம் எதிர்பார்க்கவில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் காலை ஐஸ் பெட்டியைத் துடைக்கப் போனவர், உள்ளே மெரூன் நிற வெல்வெட் நைட் கவுனில் ஒருவர் படுத்திருப்பதைப் பார்த்தார். நேற்று யாரும் பெட்டி கேட்டு வரவில்லையே என்றுதான் முதலில் நினைத்தார். படுத்திருந்தவர் கண்ணைத் திறந்து, கண்ணாடி மூடியை நாகரிகமாகத் தட்டினார்.

“வணக்கம். நான் தயாபரன், தொழிலதிபர். ஒன்பதாம் பக்கத்திலிருந்து வருகிறேன்.”

“தெரியுது அண்ணாச்சி. கவுனைப் பார்த்ததுமே தெரிஞ்சிது,” என்று கோமதிநாயகம் மூடியைத் தூக்கிவிட்டார்.

தயாபரன் எழுந்து உட்கார்ந்தார். கை சில்லென்று இருந்தது, உதடு நீலம் பூத்திருந்தது, மற்றபடி களையான மனிதர். கோமதிநாயகம் தன் கதாபாத்திரங்களை எப்படிப் பேசவைத்தாரோ அப்படியே, புத்தகத் தமிழில் பேசினார். தங்கள் நூலை இரண்டுமுறை முழுமையாக வாசித்துவிட்டேன், நடை நன்றாக இருக்கிறது, கொடைக்கானல் பனியின் வர்ணனை கொஞ்சம் நீளம் என்றெல்லாம் மரியாதைக்குச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“அந்தப் பம்பாய்க்காரரை எனக்குத் தெரியாது.”

“அவன் மர்ம மனிதன்லா.”

“வாசகர்களுக்கு மர்மமாக இருக்கட்டும். எனக்குமா? நான் அவரைப் பார்த்ததில்லை, அவரும் என்னைப் பார்த்ததில்லை. முன்பின் தெரியாத ஒருவர் ரயில் ஏறி வந்து என்னைக் கொல்லவேண்டிய அவசியம் என்ன? எனக்கு இருந்ததே ஒன்பது பக்கம். அதை முடித்துவைத்தவர் யார், ஏன் என்று தெரியாமல் என்னால் போகமுடியாது.”

கோமதிநாயகம் துடைக்க வந்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். தன் நாவலைக் கடைசிவரை வாசித்த ஒருவரை அவர் அன்றுதான் முதன்முதலாகச் சந்திக்கிறார்.

செத்தவர் ஒருவர் பாத்திரக்கடையில் தங்கியிருக்கிறார் என்ற செய்தி காலைப் பலகாரத்துக்குள் நாலு தெருவுக்கும் போய்விட்டது. எப்படி வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. எப்போது எடுக்கிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். தேர்த் தெருவில் பிணம் கிடந்தால் எடுக்கும்வரை கோயில் நடை திறக்கக்கூடாது என்பது கடம்பநல்லூர் வழக்கம். கைலாசநாதர் பசியோடு காத்திருக்க, ஹாலாஸ்ய பட்டர் மேல்துண்டை இறுக்கிக்கொண்டு கடைக்கு வந்து, தயாபரனுக்கு எதிரில் ஒரு வாடகை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிணத்தோடு நேருக்கு நேர் பேசுவதற்கு ஆகமத்தில் இடமிருக்கிறதா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, இடமில்லை என்றும் சொல்லவில்லை என்ற முடிவுக்கு வந்து, பேசினார். பூஜை நேரங்களில் தேர்த் தெருக்களைத் தாண்டி நடந்து போய்விடுகிற பிணத்தை எடுத்துவிட்ட பிணமாகவே கொள்ளலாம் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து தயாபரன் நாள்தோறும் பூஜை வேளைகளில் வாய்க்கால் பாலத்துக்கு உலாவப் போனார்; கோயில் மணி அடித்து ஓய்ந்ததும் திரும்பினார். அவர் பாலத்தில் நிற்பதைப் பார்த்து நேரம் தெரிந்துகொள்ளவும் ஆட்கள் பழகிவிட்டார்கள்.

காவல் நிலையத்தில் விசாரித்தபோது, கொலை கொடைக்கானல் எல்லையில் நடந்திருப்பதால் இங்கே எதுவும் எழுதிக்கொள்ள முடியாது என்றார்கள். ஊரைவிட்டுப் போய்ப் பார்க்கவும் தயாபரன் முயன்றார். பைபாஸ் சாலைப் பாலத்தைத் தாண்டிக் காலை வைத்ததும் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். ஊருக்குள் வந்த பிரதிகளில் ஒன்றுகூட அந்தப் பாலத்தைத் தாண்டி வெளியே போகவில்லை; புத்தகம் போகாத இடத்துக்கு அவரும் போகமுடியாது. ஒருமுறை ஊர் கூடி முறைப்படி பாடையும் கட்டியது. அவர் தடை சொல்லவில்லை, கவுன் மடிப்புகளைச் சரிசெய்துகொண்டு படுத்தார், சங்கு ஊதினார்கள், பூத் தூவினார்கள். தெரு முனை திரும்பும்போது எழுந்து உட்கார்ந்து, “மன்னிக்கவும், இன்னும் மனம் ஒப்பவில்லை,” என்றார். தூக்கி வந்தவர்கள் இறக்கிவைத்து, டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

மெல்ல மெல்ல அவர் ஊருக்கு வேண்டியவர் ஆனார். வேறு வீட்டுத் துக்கத்துக்கு ஐஸ் பெட்டி போகவேண்டி வந்தால் தயாபரன் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, பெட்டியோடு கூடவே போய், புதிதாகச் செத்தவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அழுது ஓய்ந்த பெண்கள், அங்கே எப்படி இருக்கும் என்று அவரிடம் கேட்பார்கள். தனக்குத் தெரிந்ததெல்லாம் கம்பளம் மட்டும்தான், கம்பளத்தில் முகம் குப்புற விழுந்ததாகத்தான் கோமதிநாயகம் எழுதியிருக்கிறார் என்று அவர் உள்ளதைச் சொல்வார். அதுவே அவர்களுக்கு ஆறுதலாக இருந்தது. பேருந்து நிலையத்தில் ஊர் சார்பாக அவருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். படத்துக்கு அவரே நின்று கொடுத்தார். பேனரின் கீழ்ப்பாதி முழுவதும் அஞ்சலி செலுத்துவோர் பெயர்கள். விட்டுப்போன இரண்டு குடும்பங்களுக்காக மறுவாரம் வேறு பேனர் வைக்கவேண்டி வந்தது.

பங்குனி பிறந்ததும் ஹாலாஸ்ய பட்டர் மறுபடியும் வந்தார். சித்திரைத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் தீர்த்தவாரி முடியும்வரை ஊர் எல்லைக்குள் எடுக்காத பிணம் ஒன்று இருக்கவே கூடாது. அதில் உலாவப்போகிற சமாளிப்பெல்லாம் செல்லாது. அவரோடு வந்திருந்த மைத்துனர் நெல்லையப்பன், திருவிழாக் கமிட்டித் தலைவர் என்ற முறையில், இன்னும் தெளிவாகச் சொன்னார்.

“கொடிக்கு முன்னால முடிச்சிரணும் மாப்ள. இல்லேன்னா அவரை எடுத்திர வேண்டியதுதான். எழுந்து உக்காந்தா, உக்காந்த வாக்குலயே எடுப்போம். தீ வச்சப்புறம் எங்க எழுந்திருக்க?”

தயாபரன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கோபப்படவில்லை. கவுனின் இடுப்புக் கயிற்றை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது பக்கத்தில் அவசரமாக எழுதிப்போட்ட மனிதர். மனைவி மக்கள் என்று யாரும் கிடையாது, இருந்தால் அவர்களுக்கும் பெயர் வைக்கவேண்டும் என்பதால் எழுதவில்லை. கொள்ளி வைக்க ஆசிரியரைத் தவிர வேறு ஆள் இல்லாத அந்த மனிதர், தன்னைக் கொன்றவர் யாரென்று தெரியாமல் நெருப்புக்குள் எழுந்து உட்காரப்போகிறார்.

கடைசி அத்தியாயத்தை மட்டும் புதிதாக எழுதி, தென்காசியில் அச்சடித்து, வீடு வீடாகப் போய்ப் பழைய பக்கங்களைக் கிழித்துவிட்டு இதை ஒட்டிவிடுவதென்று கோமதிநாயகம் முடிவு செய்தார். கொலைகாரனாக இருக்கச் சம்மதிக்கிற ஒருவர்தான் வேண்டும். ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். மேலத்தெருக்காரர்கள், கொலைகாரர் வீடென்று பெயர் வந்தால் எங்கள் பெண்ணை யார் எடுப்பார்கள் என்றார்கள். சம்பந்தி, ஒருவேளை கொலையைத் துப்பறிகிறவராக ஆக்கினால் யோசிக்கலாம் என்றார். நெல்லையப்பன், நீதிபதியாக இருப்பதில் தனக்கு எந்தக் குறையும் இல்லை என்றும், இந்தப் பேச்சை இன்னொருமுறை எடுத்தால் திருவிழா அன்னதானத்துக்குப் பாத்திரம் அடுத்த ஊரிலிருந்து வரும் என்றும் சொன்னார். பட்டர் விபூதி கொடுத்து அனுப்பினார்.

தயாபரன் எதிர்பாராத ஒரு சிக்கலையும் எழுப்பினார். யாராவது மனமிரங்கிப் பெயரைக் கொடுத்தாலும் தனக்குப் போதாது என்றார். “காரணம் வேண்டும். உண்மையான வெறுப்பு வேண்டும். பரோபகாரத்துக்காகக் கொல்லப்பட எனக்கு விருப்பமில்லை.” கோமதிநாயகம் அவரை எல்லோருக்கும் நல்லவராக, தர்மவானாக, எதிரியே இல்லாதவராக எழுதிவைத்திருந்தார். ஆகவே, எழுதாமல் விட்ட எதிரியைத் தானே சம்பாதித்துக்கொள்வதென்று தயாபரன் புறப்பட்டார்.

அந்தப் பங்குனி முழுவதும் கடம்பநல்லூர் தெருக்களில் மெரூன் வெல்வெட் கவுன் ஒன்று சண்டை தேடி அலைந்தது. தையல்காரரிடம் போய் அவர் தைத்த சட்டைகளில் கை ஒன்று நீளம் ஒன்று குட்டை என்றார். சங்கத்துக் கேரம் போர்டைத் தூக்கிக் கவிழ்த்தார். நெல்லையப்பன் வீட்டு விருந்துக்குப் போய், சாப்பிடமுடியாதவர் என்பதால் பக்கத்து இலையை முகர்ந்து பார்த்துவிட்டு, இந்தச் சாம்பாரைவிடத் தன்னைக் கொன்ற விஷம் மேல் என்று சபையில் சொன்னார். ஒன்றும் பலிக்கவில்லை. இறந்தவர்களைப் பற்றிக் கெட்ட வார்த்தை பேசக்கூடாது என்பதில் கடம்பநல்லூர்க்காரர்களைப்போல உறுதியானவர்கள் எங்கும் கிடையாது. உயிரோடிருக்கும்போது ஒருவரை எப்படித் திட்டியிருந்தாலும், மூச்சு நின்ற கணத்திலிருந்து அவர் தங்கமான மனிதர். தையல்காரர் கண் கலங்கி, இப்படி உள்ளதை முகத்துக்கு நேரே சொல்ல இனி யார் இருக்கிறார்கள் என்றார். கேரம் ஆட்டக்காரர்கள் காய்களைப் பொறுக்கிக்கொண்டே, என்ன கலகலப்பான மனுஷர், இவருக்குப் போய் இப்படி ஒரு சாவா என்று பெருமூச்சு விட்டார்கள். நெல்லையப்பன் வீட்டில் சாம்பாரை மறுபடியும் கொதிக்கவைத்தார்கள். ஒவ்வொரு வசைக்கும் அவர் புகழ் வளர்ந்தது. கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் அவர் சோர்ந்துபோய்க் கடைக்கு வந்து, திறந்து கிடந்த ஐஸ் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் பொத்திக்கொண்டார்.

“காலைத் தூக்குங்க. பெருக்கணும்,” என்று ஒரு குரல் கேட்டது.

கோமதிநாயகத்தின் மனைவி மங்கையர்க்கரசி துடைப்பத்தோடு நின்றாள். கோமதிநாயகம் அடுத்த அறையில், அடுக்கிவைத்த அண்டாக்களுக்குப் பின்னால், ஜமுக்காளங்களை மடித்துக்கொண்டிருந்தார்.

தயாபரன் காலைத் தூக்கினார். தூக்கியவர் கீழே வைக்க மறந்து அவளையே பார்த்தார். பின்பு, கண்டுபிடித்துவிட்டவருடைய குரலில், மெதுவாகக் கேட்டார்.

“அம்மா, இந்த ஊரில் என்னைத் திட்டுகிற ஒரே ஆள் நீங்கள்தான். வந்த நாளிலிருந்து கவனித்துக்கொண்டு வருகிறேன். விளக்கை அணைக்கச் சொல்கிறீர்கள், வழியில் நிற்காதீர்கள் என்கிறீர்கள், நேற்று என் கவுனை எடுத்துக் கரித்துணிக்குப் போடட்டுமா என்று கேட்டீர்கள். செத்தவன் என்ற மரியாதையை ஒருமுறையாவது எனக்குக் கொடுத்ததில்லை. ஏன்?”

“ஆமா, செத்தவரு. நாலு வருஷமா இந்த வீட்ல உங்களத் தவிர யாரு உயிரோட இருந்தா?”

துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். அவள் குரல் உயரவில்லை. அரிசி களைகிறவளைப்போலப் பேசினாள்.

“நாலு வருஷமும் சாயங்காலம் ஆச்சுன்னா இவருக்குக் காபி கொண்டு வைப்பேன். தலை நிமிராம, ‘வை’ம்பாரு. அவ்வளவுதான் பேச்சு. எனக்குக் காய்ச்சல் வந்து, நெஞ்சு பூரா சளி கட்டி, தன்னால பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். படுக்கச் சொன்னாங்க. மூணு நாள் கழிச்சு தன்னாலயே வீட்டுக்கு வந்தேன். இவரு எழுதிட்டு இருக்காரு. எழுதுன தாளைப் பார்த்துக்கிட்டே, ‘காபி?’ன்னாரு. நான் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. என்ன எழுதுதாருன்னு எட்டிப் பார்த்தேன். உங்க கவுன் என்ன கலர்ல இருக்கணும்னு எழுதி எழுதி அடிச்சுட்டு இருந்தாரு.”

“மெரூன்,” என்றார் தயாபரன், தன் கவுன் கையைப் பார்த்துக்கொண்டு.

“அன்னைக்கு எனக்கு இவரக் கொல்லணும்னு தோணல அண்ணாச்சி. உங்களத்தான் கொல்லணும்னு தோணிச்சு.”

அண்டாக்களுக்குப் பின்னால் கோமதிநாயகம், பாதி மடித்த ஜமுக்காளத்தை நெஞ்சோடு பிடித்தபடி, அந்த மூன்று நாளை நினைவில் தேடிக்கொண்டிருந்தார். எந்த மாதம் என்றுகூட அகப்படவில்லை. தன் கதையில் எந்தெந்த அறையில் யார் யார் எத்தனை மணிக்கு இருந்தார்கள் என்று அவரால் உறக்கத்தில்கூடச் சொல்லமுடியும்.

“உங்கள் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? இரண்டுமுறை வாசித்தும் நான் பார்க்கவில்லை,” என்று தயாபரன் கேட்டார்.

“இருந்தாத்தான பார்ப்பீங்க?”

பத்திரிகை அடிக்கிறவர்கள் வீட்டு ஆளை எழுதமாட்டார்கள். வீட்டு ஆள்தானே, கோபித்துக்கொண்டு எங்கே போகப்போகிறாள். கோமதிநாயகம் ஜமுக்காளத்தைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்தார். தான் கேட்டுவிட்டதையோ, கேட்டதற்கு வெட்கப்படுவதையோ மறைக்க அவருக்குத் தெரியவில்லை. தயாபரன் எழுந்து நின்று, பெண் கேட்க வந்தவரைப்போல இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, காரணமும் இருக்கிறது, வாய்ப்பும் இருக்கிறது, நாள்தோறும் மாலையில் மாளிகைக்குள் காபியோடு நடந்து வந்தவரை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, இதைவிட நேர்த்தியான கொலை எந்த நாவலிலும் அமையாது என்றார்.

“ஒன் பேரப் போய் எப்படி மங்கை,” என்றார் கோமதிநாயகம். “ஊரு என்ன சொல்லும்? கொலைகாரின்னு…”

“ஊர்ல உள்ள பேர் பூராவும் போட்டாச்சுல்லா? எனக்கு மிச்சம் இருக்கது இந்த ஒரு எடந்தான். அதையாவது எனக்குத் தாங்க.”

அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார். அவள் எப்படி நடந்து வருவாள் என்று எழுதத் தெரியவில்லை. கூப்பிட்டுக் கேட்டார். கதவைக் காலால் தள்ளித்தான் வருவேன், இரண்டு கையிலும் டம்ளர் டவரா இருக்கும்லா என்றாள். என்ன சேலை, அப்போது என்ன நினைத்துக்கொண்டிருப்பாய், வைத்துவிட்டு உடனே போய்விடுவாயா, நிற்பாயா என்று கேட்டார். நிற்பேன் என்றாள். எவ்வளவு நேரம் என்றார். நுரை அடங்கும்வரை என்றாள். அப்படி நிமிர்ந்து நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து எழுதியதில், எட்டுப் பக்கம் வரவேண்டிய அத்தியாயம் நாவலின் மற்ற பகுதி அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதில் துப்பறியும் நிபுணர் மாளிகையிலுள்ள அத்தனை பேரையும் கூடத்தில் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, எல்லோரையும் தாண்டி, சமையலறை வாசலில் காலி டம்ளரோடு நிற்கிற பெண்ணிடம் வந்து, “ஏன் கொன்றீர்கள்?” என்று கேட்கிறார். அவள் சொல்கிறாள். பக்கம் பக்கமாகச் சொல்கிறாள். கூடத்தில் ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் அச்சடித்த கட்டுகள் தென்காசியிலிருந்து வந்தன. கோமதிநாயகமும் மங்கையர்க்கரசியும் பசை வாளியோடு வீடு வீடாகப் போய் ஒட்டினார்கள். தங்கள் பெயருக்கு அந்த அத்தியாயத்தில் வேலையில்லை என்று தெரிந்ததும் ஆண்கள் புத்தகத்தை ஜன்னலில் வைத்துவிட்டுப் பந்தல்கால் நடப் போனார்கள். பசை காய்வதற்குள் அதை அடுக்களைக்குள் எடுத்துக்கொண்டு போனவர்கள் பெண்கள். அன்று மதியம் கடம்பநல்லூரில் பல வீடுகளில் சோறு குழைந்துபோயிற்று. மங்கையர்க்கரசியின் மைனி, அண்ணன் நெல்லையப்பனின் மனைவி, வாசித்து முடித்த கையோடு கடைக்கு வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, வந்த வழியே போனாள்.

தயாபரன் ஐஸ் பெட்டிக்குள் ஒருக்களித்துப் படுத்து வாசித்தார். சில இடங்களில் தலையாட்டினார். ஓரிடத்தில் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பொழுது சாயும் நேரத்துக்குக் கடைசிப் பக்கத்தை முடித்து, எழுந்து உட்கார்ந்து, மங்கையர்க்கரசியைக் கூப்பிட்டார்.

“அம்மா, சிரமம் இல்லையென்றால் ஒரு காபி.”

வந்த நாளிலிருந்து அவர் தொண்டையில் ஒன்றும் இறங்கியதில்லை. அவள் அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சி, டிகாஷன் விட்டு, ஆற்றி, கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் ஊதி ஊதிக் குடித்தார்.

“சர்க்கரை சற்று அதிகமாக இருக்கிறது.”

“கசப்பு தெரியக்கூடாதுல்லா.”

தயாபரன் சிரித்தார். கோமதிநாயகம் அவருக்குச் சிரிப்பு எழுதியதே இல்லை. அது அவர் சொந்தச் சிரிப்பு. காலி டம்ளரை அவளிடம் நீட்டி, நன்றி சொல்லி, ஆசிரியர் பக்கம் திரும்பி, இப்போது சரியாக இருக்கிறது என்றார். பெட்டிக்குள் நீட்டிப் படுத்து, கவுனின் கயிற்றை முடிச்சிட்டுக்கொண்டார். மங்கையர்க்கரசி நுரை அடங்கும் நேரம்வரை அங்கேயே நின்றாள். பிறகு குனிந்து, விரலால் அவர் இமைகளை இறக்கிவிட்டு, முந்தானையால் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெளிச்சம் இருக்கும்போதே எடுத்தார்கள். தெரு முனை திரும்பும்போது தூக்கியவர்கள் தாமாகவே கொஞ்சம் நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை, நடந்தார்கள். கோமதிநாயகம் கொள்ளி வைத்தார். மறுநாள் கைலாசநாதர் கோயிலில் கொடி ஏறிற்று.

அந்தச் சித்திரையிலிருந்து கடம்பநல்லூரில் மனைவிமார் காபி கொண்டுவந்து வைக்கும்போது, ஆண்கள் செய்தித்தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள்.